தொழில்துறை உளவியலில் முதுகலை படிக்கலாமா, எம்.பி.ஏ. போதுமா?

வாசகி ஒருவரின் கேள்வி, கல்லிடைக்குறிச்சி, 14 ஜூன் 2025

அக்கா, பாளையங்கோட்டையில் இளநிலை உளவியல் இறுதியாண்டுக்குப் போகிறேன். அடுத்து தொழில் மற்றும் நிறுவன உளவியலில் முதுகலை சேர ஆசை. மாமாவோ, "மனிதவளத் துறைதான் வேண்டுமென்றால் எம்.பி.ஏ. படி, உளவியல் என்று சொன்னால் எந்தக் கம்பெனிக்காரனும் உள்ளே விடமாட்டான்" என்கிறார். கல்லூரியில் ஓர் ஆசிரியை, பிழைக்க வேண்டுமானால் மருத்துவ உளவியலுக்குப் போ என்கிறார். எனக்கு மனிதர்களோடு பேசப் பிடிக்கும், அவர்களுடைய கஷ்டங்களைக் கேட்கப் பிடிக்கும். நீங்கள் இதைப் படித்து நூற்பாலையில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். வெளியூர் போகாமலே படிக்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

15 ஜூன் 2025

மனிதர்களோடு பேசப் பிடிப்பது நல்ல குணம்தான். ஆனால் இந்தப் படிப்பில் சேர அது போதாது. முதல் பருவத்திலேயே உங்களுக்கு எதிரே வந்து உட்காரப்போவது புள்ளியியல். ஒருவர் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் ஓராண்டு கழித்து அவர் செய்த வேலைக்கும் எவ்வளவு ஒட்டுறவு இருக்கிறது, ஒரே வினாநிரலை இரண்டு முறை கொடுத்தால் ஏறத்தாழ ஒரே விடை வருகிறதா, மேற்பார்வையாளர் போடுகிற மதிப்பெண்ணில் அவருடைய ஊர்ப்பாசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்தான் இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி கழியும். ஆள் தேர்வு, பயிற்சி, வேலை வடிவமைப்பு, களைப்பு, விபத்து, ஊக்கம், தலைமை என்று பாடத்தலைப்புகள் பலவாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அளத்தல்.

கஷ்டத்தைக் கேட்டு ஆறுதல் தர விரும்புகிறவர் ஆற்றுப்படுத்தும் உளவியலுக்கு, அதாவது கவுன்சலிங் பக்கம், போகலாம். அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. ஒரு பிரிவில் ஒரே மாதத்தில் ஆறு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், அந்த ஆறு பேரின் கதையைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நின்றுபோகாத அறுபது பேரையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறவருக்குத்தான் இந்தப் படிப்பு இனிக்கும்.

15 ஜூன், இரவு

மாமா சொன்னதில் பாதி சரி. உளவியலாளர் தேவை என்று நம் பக்கத்து ஆலை எதன் வாசலிலும் பலகை தொங்காது. வேலையின் பெயர் மனிதவளம் என்றோ, பயிற்சிப் பிரிவு என்றோ, பழைய ஆலையாக இருந்தால் வருகைப் பதிவேடு பார்க்கும் டைம் ஆபீஸ் என்றோதான் இருக்கும். எம்.பி.ஏ. படித்தவர் நிதி, சந்தை, சட்டம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, நிறுவன நடத்தை என்று ஓரிரு தாள்களைப் படித்து வந்திருப்பார். உளவியலில் முதுகலை முடித்தவருக்குத் தேர்வுகளை உருவாக்கவும், ஆய்வை வடிவமைக்கவும், வந்த விடையைச் சந்தேகப்படவும் தெரிந்திருக்கும். முதல் நேர்காணலில் இந்த வேறுபாட்டை யாரும் கேட்கமாட்டார்கள். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன பிறகுதான் அது தெரியத் தொடங்கும்.

ஆசிரியை சொன்னதற்கும் அடிப்படை உண்டு. மருத்துவ உளவியலுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு என்று ஒன்று இருக்கிறது. தொழில்துறை உளவியலுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு பதிவு கிடையாது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 'தொழில்சார் உளவியலாளர்' என்பது 2009 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பட்டம்; பதிவு செய்யாதவர் அப்படித் தம்மை அழைத்துக்கொள்ள முடியாது. இங்கே யார் வேண்டுமானாலும் ஆளுமைத் தேர்வு நடத்துகிறேன் என்று மடிக்கணினியோடு ஆலைக்குள் நுழைந்துவிடலாம், நுழைந்தும் இருக்கிறார்கள்.

18 ஜூன்

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: "முதுகலை உளவியல் முடித்தால் தொழிலாளர் நல அலுவலர் ஆகலாமா?" இதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 தொழிலாளர்களுக்குக் குறையாத தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை மாநில அரசின் விதிகள் சொல்லும். சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் பட்டப்படிப்புகளையும் முதுநிலைப் பட்டயத்தையும் நடத்துவது பெரும்பாலும் இந்த வாசலுக்காகத்தான். உளவியல் பட்டம் மட்டும் கையில் இருந்தால் அந்த வாசல் தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைத்துச் சேராதீர்கள். முதுகலை படிக்கும்போதோ முடித்த பின்போ பட்டயம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டவர்கள் ஆலைகளில் கால் ஊன்றியிருக்கிறார்கள்.

22 ஜூன்

"இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நம் ஊருக்கு ஆகாது" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். ஹார்வர்டில் இருந்த ஜெர்மானியர் ஹ்யூகோ மன்ஸ்டர்பர்க், ஆலை வேலைக்கும் உளவியலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் 1913இல் ஆங்கிலத்தில் வந்தது. டிராம் வண்டி ஓட்டுநர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சோதித்துப் பார்த்தவர் அவர். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென் குப்தாதான் 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறையை ஏற்று நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்தது 1943இல். ஆக, மன்ஸ்டர்பர்க்கின் நூலுக்கும் நம் நாட்டுத் துறைக்கும் இடையில் மூன்று ஆண்டு இடைவெளிதான்.

இறக்குமதி மட்டும் நடக்கவில்லை. லண்டனில் உள்ள டேவிஸ்டாக் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில், ஆளுக்கு ஒரு துண்டு வேலை என்று பிரித்துக் கிடந்ததை மாற்றி, சில தறிகளைச் சேர்ந்து கவனிக்கும் சிறு குழுக்களாக அமைத்துப் பார்க்கலாமா என்று கேட்டபோது, குழுக்களை அமைத்துக்கொள்ளத் தொழிலாளர்களே முன்வந்தார்கள். உற்பத்தி உயர்ந்தது, துணியில் சேதம் குறைந்தது. இன்று உலகெங்கும் தன்னாட்சிக் குழுக்கள் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த இந்தியத் தறிக்கூடத்தைச் சொல்லாமல் போவதில்லை.

இன்னும் நெருக்கத்தில் வருகிறேன். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள், வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை என்பவை அவர்கள் கேட்டவை. மார்ச் மாதத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. களைப்புக்கும் ஓய்வுக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பாடநூல்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே, நம் ஆட்கள் அதை உடம்பால் அறிந்து கோரிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். உளவியல் பாடத்தில் ஒரு வரி கூடக் கிடையாது.

23 ஜூன்

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. பாடநூல்களில் தவறாமல் வருவது ஹாதோர்ன் ஆய்வு: சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது, ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே ஊக்கம் என்று கதை முடியும். பின்னாளில் மூலப் பதிவுகளைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த விளைவு அவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. தொலைபேசிக்கான ரிலே என்னும் சிறு கருவியைக் கோக்கும் அறையில் ஐந்து பெண்களை வைத்து நடத்திய பகுதியில், ஓயாமல் பேசினார்கள், உற்பத்தியும் குறைவு என்று இருவரை வெளியேற்றி வேறு இருவரை உட்காரவைத்த பிறகுதான் எண்ணிக்கை நன்றாக ஏறியது. அன்பாகக் கவனித்ததால் ஏறியதா, ஆளை மாற்றியதால் ஏறியதா? முதுகலை நேர்காணலில் ஹாதோர்ன் பற்றிக் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

2 ஜூலை

பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வுப் பயிற்சி மையம் இல்லாத தெரு குறைவு. அங்கே கணக்கையும் பகுத்தறியும் திறனையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள் எழுதப்போகும் தேர்வை உருவாக்குவது ஐ.பி.பி.எஸ். எனப்படும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம்; 1975இல் பணியாளர் தேர்வுச் சேவைப் பிரிவாகத் தொடங்கி, 1984இல் தனி நிறுவனமானது. ஒரு வினாவை எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், நன்றாக எழுதியவர்களையும் சுமாராக எழுதியவர்களையும் அந்த வினா பிரித்துக் காட்டுகிறதா, வெவ்வேறு நாள்களில் எழுதியவர்களின் மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது என்பவையெல்லாம் இந்தத் துறையின் அன்றாட வேலைகள். படைத் தேர்வு வாரியத்தில் படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்வதும் இதே குடும்பம்தான். அதற்குப் பின்னால் பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஊரே தேர்வு எழுதுகிறது. தேர்வைத் தயாரிக்கும் பக்கம் போகலாம் என்று ஒரு பிள்ளைக்குக் கூடத் தோன்றுவதில்லை.

9 ஜூலை

ஆய்வேடு பற்றிக் கேட்கிறீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

என்னுடைய முதுகலை ஆய்வேடு, முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களின் பணி மனநிறைவைப் பற்றியது. கையில் கொண்டுபோன வினாநிரல், ஸ்மித், கெண்டல், ஹூலின் ஆகிய மூவர் 1969இல் வெளியிட்ட பணி விவரணக் குறியீட்டை ஒட்டித் தமிழில் செய்தது. அது மனநிறைவை ஐந்து கூறுகளாகப் பிரித்துக் கேட்கும்: வேலை, ஊதியம், பதவி உயர்வு, மேற்பார்வை, உடன் பணிபுரிவோர். முதல் வீட்டுத் திண்ணையிலேயே பதவி உயர்வு உதிர்ந்துவிட்டது. பதினைந்து வயதில் சுளகை மடியில் வைத்தவர் அறுபது வயதிலும் அதே சுளகோடுதான் இருக்கிறார். எங்கே உயர்வது? மேற்பார்வை என்ற கூறும் அப்படித்தான். வீட்டில் மேற்பார்வையாளர் யாரும் இல்லை. ஆனால் மாலையில் பீடிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கட்டைப் பிரித்துப் பார்த்து, இத்தனை கழிவு என்று ஒதுக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். நாள் முழுவதும் இல்லாத அவர், நாள் முழுவதும் மனத்தில் இருக்கிறார். வினாநிரலில் அவருக்கு இடமே இல்லை.

ஊதியக் கூறும் தடுமாறியது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கொடுக்கும் இலை மட்டமாக இருந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்த இலைக்குக் கடையில் காசு கொடுத்து வாங்கி ஈடுகட்டுகிறவர்களும் உண்டு. இந்த நிலையில் 'உங்கள் ஊதியம் போதுமானதா' என்று ஒற்றை வரியில் கேட்டால், எதைப் பற்றி விடை சொல்கிறார் என்றே நமக்குத் தெரியாது. பீடிக்கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் மாமியார் பெயரில் இருக்க, சுற்றுகிறவர் மருமகளாக இருந்தால், ஆய்வுக்காக நான் எடுத்த மாதிரியில் தொழிலாளி என்று யாரைச் சேர்ப்பது?

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், கேட்ட இடம். பெண்கள் நான்கைந்து பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சுற்றும்போது வரும் விடை வேறு. அதே பெண் தனியாக இருக்கும்போது வரும் விடை வேறு. "கடையில தெரிஞ்சா இலையைக் குறைச்சுருவாவ, தாயி" என்று ஒருவர் சொன்ன பிறகு, அதுவரை நிரப்பிய தாள்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டி விடை வாங்கினேன். என் முகத்தைப் பார்த்து, நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று கணித்துச் சொல்கிறவர்களும் இருந்தார்கள். மாதிரி எடுத்தல், இரகசியம் காத்தல், கேட்பவரின் தாக்கம் என்று வகுப்பில் மூன்று தனித்தனிப் பாடங்களாக நடத்தியவை திண்ணையில் ஒரே பாடமாக வந்து நின்றன.

10 ஜூலை

"பீடி சுற்றுவது குடிசைத் தொழில், அதில் நிறுவனம் எங்கே இருக்கிறது, நிறுவன உளவியல் எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்கிறார். கம்பெனி, கடை எடுத்திருப்பவர், கணக்கு எழுதுபவர், கழிவு பார்ப்பவர், வருங்கால வைப்புநிதி, தொழிற்சங்கம் எல்லாம் இருக்கின்றன. கூரை மட்டும்தான் பல வீடுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே கட்டடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தால்தான் நிறுவனம் என்று பாடநூல் பழக்கிவிட்டது. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறவர்களைப் பற்றி 2020க்குப் பிறகு இந்தத் துறையில் கட்டுரைகள் குவிகின்றன. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் வீட்டிலிருந்து வேலை என்பது தலைமுறைகளாக நடக்கிறது.

28 ஜூலை

ஆள் தேர்வு பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்து ஒரு விடை. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் எண்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். எந்த முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் அவர் செய்யும் வேலையோடு எவ்வளவு ஒட்டுறவு இருக்கிறது என்பது அதன் உள்ளடக்கம்; 0 என்றால் ஒட்டுறவே இல்லை, 1 என்றால் முழு ஒட்டுறவு. வேலையையே செய்துகாட்டச் சொல்லும் மாதிரிச் சோதனைக்கு 0.54, பொது அறிதிறன் தேர்வுக்கு 0.51, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறைப்படுத்திய நேர்காணலுக்கும் 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38, எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்கு 0.10, கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02.

ஜாதகத்துக்கு அந்த அட்டவணையில் வரிசை இல்லை. நம் பக்கத்தில் மேலாளர் பதவிக்கு வந்தவரின் நட்சத்திரத்தை விசாரித்துவிட்டு நேர்காணலைத் தள்ளிப்போட்ட முதலாளியை நான் அறிவேன். தேர்வானவர் நன்றாகவே வேலை பார்த்தார். முதலாளிக்கு அது ஜோசியரின் வெற்றி. எனக்கு அது ஒற்றை எடுத்துக்காட்டு. இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நின்றுதான் ஆலையில் காலம் தள்ள வேண்டும்.

29 ஜூலை

நேற்று கொடுத்த எண்களை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு தேர்வுக்குப் போய்விடாதீர்கள். 2022இல் பால் சாக்கெட்டும் உடனாய்வாளர்களும் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் மதிப்பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுக்கப்படாதவர்களையும் சேர்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று திருத்தம் செய்யும் முறை பழைய தொகுப்புகளில் அளவுக்கு மீறிப் பயன்பட்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய மதிப்பீட்டில் முறைப்படுத்திய நேர்காணல் 0.42, மாதிரிச் சோதனை 0.33, பொது அறிதிறன் 0.31. வரிசையும் மாறிவிட்டது, கால் நூற்றாண்டாக அரியணையில் இருந்த அறிதிறன் தேர்வு இறங்கிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குச் சிறிது எரிச்சலாகவும் நிறைய மகிழ்ச்சியாகவும் இருந்தது. தன் அட்டவணையைத் தானே அடித்துத் திருத்துகிற துறையில் சேர்ந்ததற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

3 ஆகஸ்டு

"இந்த எண்களை வைத்துக்கொண்டு ஆலையில் என்னதான் செய்தீர்கள்?" நியாயமான கேள்வி.

நான் வேலை பார்த்த நூற்பாலையில், நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் வேலை பழக வருகிறவர்களை எடுக்கும்போது பள்ளி மதிப்பெண்ணையும் யார் சொல்லி வந்தார் என்பதையும் பார்ப்பார்கள். அறுந்த இழையைப் பிணைக்கச் சொல்லி ஒரு சிறு மாதிரிச் சோதனையை நான் சேர்த்தேன். மேஸ்திரிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே நேரம் பார்த்துக் குறித்தார்கள். விரல் வேகமுள்ள பிள்ளைகளாக வந்தார்கள். ஆனால் அவர்களும் முன்பு வந்தவர்களைப் போலவே சில மாதங்களில் வேலையை விட்டு நின்றார்கள். மனநிறைவு, ஊக்கம், மேற்பார்வையாளரின் நடத்தை என்று படித்த தலைப்புகளையெல்லாம் வரிசையாக விசாரித்தேன். எதிலும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் டைம் ஆபீஸ் பதிவேட்டில், நின்றவர்களை ஊர் வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும் பிரித்துப் போட்டபோதுதான் தெரிந்தது: அரை நைட் முடிந்து நள்ளிரவில் வெளியே வந்தால் சில ஊர்களுக்குப் பேருந்து கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை வேறு ஷிப்டுக்கு மாற்றுவதா, வண்டி விடுவதா என்று நிர்வாகம் நெடுநாள் யோசித்தது. வராதவர்களுக்குப் பதிலாக வரும் பதிலிகளை வைத்துச் சமாளித்தது. பிறகுதான் வண்டி வந்தது.

இதை உளவியல் என்பீர்களா என்று என் தம்பி கேட்டான். ஆட்களின் மனத்தில் குறை தேடுவதற்கு முன்னால் ஷிப்ட் நேரத்தைப் பார் என்று சொல்லிக் கொடுத்தது இந்தப் படிப்புதான்.

10 ஆகஸ்டு

எங்கே படிப்பது? கல்லூரியின் பெயருக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். தொழில்துறை உளவியலில் ஆய்வு செய்த நெறியாளர் இருக்கிறாரா. ஆய்வேடு கட்டாயமா, இல்லை அதற்குப் பதிலாக இரண்டு தாள் எழுதித் தப்பிக்கலாமா. ஆலையிலோ நிறுவனத்திலோ களப்பயிற்சி உண்டா. பல இடங்களில் முதுகலை உளவியல் என்ற பெயரில் மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் முக்கால் பங்கு, தொழில்துறைக்கு ஒரு விருப்பத்தாள் என்று இருக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் டெல்லியிலும் பயன்பாட்டு உளவியல் முதுகலை உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலை கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளியூர் போக முடியாதவர்களுக்கு, இரண்டாம் ஆண்டில் தொழில்துறை உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க வழி வைத்திருக்கும் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலை முதுகலை ஓர் ஏற்பாடு. ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே அதை முடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும், இரண்டாண்டு முதுகலைக்குப் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வயலை விற்றுப் போகிற முடிவை முதுகலைக்காக எடுக்காதீர்கள்.

26 ஆகஸ்டு

மேலே இக்னோவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு யாரும் பணம் கட்டக் கிளம்ப வேண்டாம். 2021ஆம் ஆண்டு இணை மருத்துவப் படிப்புகள் சட்டத்தின் கீழ் வரும் பாடங்களை, உளவியலையும் சேர்த்து, 2025 ஜூலை–ஆகஸ்டு பருவத்திலிருந்து தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. மருத்துவ உளவியலைத் திரையில் கற்பிக்கக் கூடாது என்றால் எனக்குப் புரிகிறது. நோயாளியைத் தொடாத, ஆலைக் கணக்குகளைப் படிக்கிற எங்கள் கிளையும் அதே வலையில் மாட்டிக்கொண்டதில் வருத்தம்தான். வேலையிலிருக்கும் பெண்களுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் இருந்த ஒரே வாசல் அது. கேள்வி கேட்ட வாசகிக்கு இனி விடை எளிது: வெளியூர் போகத்தான் வேண்டும்.

14 செப்டம்பர்

ஒரு கல்யாண வீட்டில், "நீ சைக்காலஜிதானே, என் மனசில் என்ன இருக்கு சொல்லு" என்று கேட்டார்கள். பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்பதுதான் என்றேன். சரியாகத்தான் இருந்தது.

ஆய்வுத் தலைப்பு இல்லை என்று புலம்புகிறவர்களுக்கு: ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலைக்கு உச்சிவரை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வேலை. டோவ் சோஹர் 1980இல் இஸ்ரேலில் இருபது தொழிற்சாலைகளை வைத்துப் பாதுகாப்புச் சூழல் என்ற கருத்தை அளந்து காட்டினார்: தொழிலாளர்கள் தம் நிர்வாகம் பாதுகாப்பை எவ்வளவு மதிக்கிறது என்று நினைக்கிறார்கள் என்பதைக் கேட்டு அளப்பது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிர்வாகம் என்பது யார்? கொக்கிக் கயிறு கொடுக்கிற ஒப்பந்தக்காரரா, காற்றாலைக்கு உரிமையாளரா? இந்த ஒரு கேள்வியே நல்ல ஆய்வேடு ஆகும். கூடங்குளம் பக்கத்திலேயே இருக்கிறது; பாதுகாப்புப் பண்பாடு என்ற சொல்லாட்சியே 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகுதான் அணுசக்தித் துறையில் புழக்கத்துக்கு வந்தது. அங்கே உள்ளே போய் வினாநிரல் கொடுக்க மாணவர்களுக்கு அனுமதி கிடைப்பது கடினம். அதனால்தான் காற்றாலையை முதலில் சொன்னேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் இளம்பெண்கள் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். தூக்கம், விடுதி வாழ்க்கை, வேலையில் நீடித்திருப்பது என்று அங்கே இன்னொரு தலைப்பு.

24 நவம்பர்

ஜூனில் நல அலுவலர் பற்றி எழுதியது பழையதாகிவிட்டது. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில், நல அலுவலர் இருக்க வேண்டிய தொழிற்சாலைக்கான வரம்பு 500இலிருந்து 250 தொழிலாளர்களாக இறங்கியிருக்கிறது. நம் பக்கத்து நடுத்தர ஆலைகள் பலவும் இதற்குள் வந்துவிடும் என்பதால் வேலை வாய்ப்பு கூட வேண்டும். ஆனால் எந்தப் பட்டம் செல்லும் என்பதை விதிகள்தான் சொல்ல வேண்டும். உளவியல் முதுகலையையும் சேர்க்கச் சொல்லி நம் ஆசிரியர்கள் இப்போதே விண்ணப்பம் கொடுத்தால் என்ன? இதை இரண்டு பேராசிரியர்களிடம் சொன்னேன். ஒருவர் நல்ல யோசனை என்றார். மற்றவர், விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்.

7 டிசம்பர்

கேள்வி கேட்ட வாசகி மறுபடி எழுதியிருக்கிறார். புள்ளியியலைப் பார்த்து ஓடவில்லை, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைத் தானாகவே பழகத் தொடங்கியிருக்கிறார், கியூட் எழுதப்போகிறார். இளநிலைத் திட்டப்பணிக்கு வீரவநல்லூர் கைத்தறி நெசவாளர்களிடம் போகலாமா என்று கேட்கிறார். தாராளமாகப் போகலாம். இரண்டு செய்திகளைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கார்த்திகை மழையில் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாமல் தறி நிற்கும். அப்போது மனநிறைவைக் கேட்டால் மழையைப் பற்றிய விடைதான் வரும். ஆகவே இப்போது ஒரு முறையும் மாசியில் ஒரு முறையும் அதே ஆட்களிடம் கேளுங்கள். இரண்டு, கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறவரையும் தனி முதலாளிக்கு நெய்கிறவரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். சங்கத்து உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தறியில் உட்காருபவரும் பட்டியலில் பெயர் உள்ளவரும் ஒருவர்தானா என்பதை வீடு வீடாகப் பார்த்த பிறகு வினாநிரலை எடுங்கள்.